பழைய பிரெய்ல் நோட்டேக்கரும் கொடைக்கானல் ஈரமும்: புதிதாகக் கைக்கு வந்தவர்களுக்கு

தெரிந்தவர் ஒருவர் புது மாடலுக்கு மாறிவிட்டு, தன் பழைய பிரெய்ல் நோட்டேக்கரை, அதாவது பார்வையற்றவர்கள் பிரெய்லில் எழுதவும் படிக்கவும் வைத்திருக்கும் கையடக்கக் கருவியை, உங்களிடம் தந்திருக்கிறார். அல்லது ஏதோ அலமாரியில் வருஷக்கணக்காகக் கிடந்தது உங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. பையில் சார்ஜர் இருந்தால் அதிர்ஷ்டம். கையேடு பெரும்பாலும் இருக்காது. மூஞ்சிக்கல்லிலோ பூம்பாறையிலோ பெருமாள்மலையிலோ இருந்துகொண்டு இதை எப்படிப் பிழைக்க வைப்பது, எதற்குப் பயன்படுத்துவது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். ஊட்டி, குன்னூர்க்காரர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை ஒரு சின்னக் கணினியாக நினைத்து இணையம், மின்னஞ்சல் என்று இழுத்தால் வெறுத்துப்போய் மூலையில் போட்டுவிடுவீர்கள். எழுதுவது, படிப்பது, இன்னொரு கணினிக்குப் பிரெய்ல் வரியாக (புள்ளிகள் எழுந்து விரலால் படிக்கக் கிடைக்கும் வரி) இருப்பது என்ற மூன்று வேலைகளுக்கு இது இன்றைக்கும் பிரமாதம். மலையில் இதைக் கெடுப்பது வயசைவிட ஈரம்தான். அதனால் ஈரத்தைப் பற்றித்தான் கொஞ்சம் நீட்டிப் பேசப்போகிறேன்.

கையில் இருப்பது எது என்று பாருங்கள்

அமெரிக்காவில் டீன் பிளேசி 1987ல் கொண்டுவந்த பிரெய்ல் அண்ட் ஸ்பீக்கில் எழுதப் பிரெய்ல் விசைகள் இருந்தன, கேட்கப் பேச்சு இருந்தது. விரலால் படிக்கப் புள்ளி வரி கிடையாது. அதன் பின்னால் வந்த பிரெய்ல் லைட்டில் வரியும் சேர்ந்தது. 2000 வாக்கில் பிரெய்ல்நோட் வந்தது. அந்த வரிசையில் எம்பவர் 2005ல், ஏபெக்ஸ் 2009ல். இவை தவிர பேக்மேட், பிரெய்ல் சென்ஸ் எல்லாம் உண்டு. இங்கே கை மாறிக் கிடைப்பது பெரும்பாலும் ஏபெக்ஸ் காலத்துக் கருவிகள்தான். நான் சொல்வதும் அதை மனதில் வைத்தே. வரியில் 18 செல்லா 32 செல்லா என்று எண்ணிக்கொள்ளுங்கள் (செல் என்பது ஓர் எழுத்துக்கான புள்ளிக் கூட்டம்; ஆறு பிரெய்ல் புள்ளிகளோடு அடியில் ஏழு, எட்டு என்று இரண்டு கூடுதல் புள்ளிகள்). எந்தெந்தப் பக்கத்தில் என்னென்ன ஓட்டை இருக்கிறது என்று விரலால் தடவி ஒரு தாளில் பிரெய்ல் ஸ்லேட்டு வைத்து எழுதிவையுங்கள். பிறகு தொலைபேசியில் யாரிடமாவது உதவி கேட்கும்போது அந்தத் தாள் கை கொடுக்கும்.

சார்ஜரைச் சொருகும் முன்

அவசரப்படாதீர்கள். கருவியைச் சமமான மேசையில் வையுங்கள். ஆடினால், அல்லது பேட்டரி மூடி நடுவில் மேடாகத் தட்டுப்பட்டால், லித்தியம் பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அதைச் சார்ஜ் செய்யக் கூடாது, குத்தக் கூடாது, குப்பையிலும் போடக் கூடாது. கழற்ற முடிகிற பேட்டரி என்றால் கழற்றி, எரியும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் தனியாக வைத்து, பேட்டரி கடையில் ஒப்படையுங்கள்.

பேட்டரியைக் கழற்றும் முன் இன்னொரு விஷயம். பிரெய்ல் அண்ட் ஸ்பீக், பிரெய்ல் லைட் போன்ற ஆரம்பகாலக் கருவிகளில் கோப்புகள் பேட்டரியின் தயவில்தான் நினைவில் நிற்கும். பேட்டரி முழுக்க இறங்கினால் கோப்புகளும் போய்விடும். கொடுத்தவரின் பழைய குறிப்புகள் உள்ளே இருக்கலாம். ஒரு போன் போட்டு, "உங்களுடையது ஏதாவது வேண்டுமா, அழித்துவிடலாமா" என்று கேட்டுவிடுவது மரியாதையும்கூட.

சார்ஜர் விஷயத்தில் பார்வையுள்ள ஒருவரை அழைத்து ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்கச் சொல்லுங்கள். கருவி கேட்கும் வோல்ட்டும் சார்ஜர் தரும் வோல்ட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. பின் உருண்டையாக இருந்தால் நடுவில் பிளஸ்ஸா மைனஸ்ஸா என்று ஒரு சின்னப் படம் போட்டிருக்கும். அதுவும் ஒத்துப்போக வேண்டும். பின் சரியாக நுழைகிறது என்பதை மட்டும் நம்பி வேறு சார்ஜரைப் போடுவது கருவியைக் கொல்ல எளிய வழி. சரியான சார்ஜர் கிடைத்ததும் அதில் ஒரு பிரெய்ல் லேபிள் ஒட்டிவிடுங்கள். வீட்டில் வைஃபை பெட்டிக்கும் அதே மாதிரி ஒரு கறுப்பு அடாப்டர் இருக்கும்.

பல வருஷம் கிடந்த கருவி என்றால், ஈரமில்லாத டப்பாவில் இரண்டு மூன்று நாள் வைத்த பிறகே முதல் சார்ஜ். பலகையில் வைத்து, நீங்கள் அறையில் இருக்கும்போதே போடுங்கள். கம்பளி மேல் வைக்க வேண்டாம்.

முதல் வேலை: கோப்புகளை வெளியே எடுப்பது

கருவி உயிர் பெற்றதும் விளையாடத் தோன்றும். அதற்கு முன் உள்ளே இருப்பதை மெமரி கார்டிலோ பென்டிரைவிலோ நகல் எடுங்கள். ஏபெக்ஸ் எஸ்டி கார்டு எடுக்கும். எம்பவருக்குக் காம்பாக்ட் ஃபிளாஷ் என்ற பெரிய கார்டு. அதைப் படிக்கக் கணினிக்குத் தனி ரீடர் வேண்டும். இன்று கடையில் கிடைக்கும் 64 ஜிபி, 128 ஜிபி கார்டுகள் இந்தக் கருவிகளுக்குப் பிடிபடாது. 32 ஜிபியோ அதற்குக் குறைவோ வாங்கி, ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள். இன்னும் பழைய கருவி என்றால் 2 ஜிபி கார்டைத் தேட வேண்டியிருக்கும். பழைய கேமரா வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், மேசை இழுப்பறையில் ஒன்று கிடக்கும்.

பிரெய்ல்நோட் தன் சொந்த வடிவத்தில் சேமிக்கும் கோப்புகளை வேர்டு திறக்காது. அதனால் முக்கியமானவற்றைக் கருவியிலேயே திறந்து, ஆங்கிலக் குறிப்பு என்றால் டெக்ஸ்ட் அல்லது வேர்டு கோப்பாகவும், பிரெய்ல் என்றால் பிஆர்எஃப் (புள்ளிகளை அப்படியே வைத்திருக்கும் பொதுவான பிரெய்ல் வடிவம்) கோப்பாகவும் இன்னொரு முறை சேமியுங்கள். கருவி ஒருநாள் கண்ணை மூடினாலும் எழுத்து உங்களிடம் இருக்கும். மாதம் ஒருமுறை இதைச் செய்தால் போதும்.

புள்ளிகளைச் சோதிப்பது, துடைப்பது

புதுக் கோப்பு ஒன்றைத் திறந்து, ஆறு புள்ளியும் எழும் செல்லால் ஒரு வரி முழுக்க நிரப்புங்கள். விரலை மெதுவாக இடமிருந்து வலம் ஓட்டுங்கள். எங்கே பள்ளம் தட்டுகிறது, எந்தப் புள்ளி பாதி எழும்பி நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் வெற்று வரிக்குப் போய், இறங்காமல் நிற்கும் புள்ளி ஏதாவது உண்டா என்று பாருங்கள். ஏழு, எட்டாம் புள்ளிகளுக்குக் கர்சரை நகர்த்திப் பார்த்தால் தெரியும்.

ஒவ்வொரு புள்ளிக்கும் அடியில் மெல்லிய பீங்கான் பட்டை ஒன்று இருக்கிறது. சுமார் 200 வோல்ட் கொடுத்தால் அது லேசாக வளையும். அந்த வளைவுதான் ஊசியைத் தூக்குகிறது. மின்னோட்டம் மிகக் குறைவு. ஆனால் அந்த வோல்ட் இருக்கும் இடத்தில் ஈரமும் அழுக்கும் சேர்ந்தால் மின்சாரம் கசிய வழி கிடைக்கும், புள்ளி சோம்பிப்போகும். ஊசி நிற்கும் துளையோ மிகச் சின்னது. விரலின் எண்ணெயும் தூசியும் சேர்ந்து பசையாகி அதை அடைத்துவிடும். "கருவி பழசாகிவிட்டது" என்று கைவிடப்பட்ட பல கருவிகளில் பிரச்சினை அந்தப் பசைதான்.

துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வேண்டும். மின்னணுப் பொருள் விற்கும் கடையில் கிடைக்கும். கருவியை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, நூல் பிரியாத துணியில் சில துளி மட்டும் நனைத்து, வரியின் மேல் அழுத்தாமல் துடையுங்கள். திரவத்தை நேராகக் கருவி மேல் ஊற்றவோ தெளிக்கவோ கூடாது. நன்றாக உலர்ந்ததும் போட்டு, முழு செல் வரியையும் வெற்று வரியையும் மாற்றி மாற்றி ஓட்டுங்கள், ஊசிகள் ஏறி இறங்கட்டும். இரண்டு மூன்று சுற்றில் பல புள்ளிகள் திரும்பிவிடும். கை கழுவும் சானிட்டைசரைப் பயன்படுத்தாதீர்கள், அதில் கிளிசரின் இருக்கிறது, இன்னும் ஒட்டும். குண்டூசியால் நோண்டுவதும் வேண்டாம். காற்றுக் குப்பியால் ஊதினால் அழுக்கு உள்ளே போகும்.

அதற்கும் அசையாத புள்ளி ஒன்றிரண்டு இருந்தால் அதோடு வாழப் பழகலாம். மூன்றாவது செல்லில் ஒரு புள்ளி செத்தால் தொல்லை. கடைசிச் செல்லில் செத்தால் கவனிக்கவே மாட்டீர்கள். சில கருவிகளில் செல்கள் தனித்தனியாகக் கழறும். பிரித்துப் பழக்கமுள்ளவர் கெட்ட செல்லை வரியின் கடைசிக்கு மாற்றிப் போட்டுத் தருவார்.

ஈரம்

7,000 அடியில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் துணி காயாது, தோல் பையில் பூஞ்சை பூக்கும், தீப்பெட்டி உரசினால் பற்றாது. அந்தக் காற்றைத்தான் கருவியும் சுவாசிக்கிறது. கருவியோடு தோல் உறை வந்திருந்தால் மழை மாதங்களில் அதைக் கழற்றிவிடுங்கள். உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இரவில் வைக்க இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று வாங்குங்கள், உள்ளே சிலிக்கா ஜெல். சின்னப் பொட்டலங்கள் சீக்கிரம் ஈரம் குடித்து நிரம்பிவிடும். உதிரி மணிகளாகக் கால் கிலோ வாங்கி, பருத்தித் துணிப் பையில் கட்டிப் போடுவது நல்லது. நீலம் இளஞ்சிவப்பாக மாறினால் காயவை என்று கடைக்காரர் சொல்வார். நமக்கு அந்த நிறத்தால் பிரயோஜனமில்லை. நீலம் வரக் கலக்கும் கோபால்ட் உடம்புக்கும் நல்லதல்ல. வெள்ளை மணியையே கேளுங்கள். நிறத்துக்குப் பதிலாக நாள் வைத்துக்கொள்ளலாம்: மழைக் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கோடையில் மாதம் ஒருமுறை, மணிகளை மட்டும் வாணலியில் சிறு தீயில் கிளறிச் சூடேற்றி, மூடிய ஜாடியில் ஆறவைத்து மறுபடி கட்டுங்கள். அந்த வாணலியில் பிறகு சமைக்க வேண்டாம். அரிசிக்குள் புதைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு; அரிசி மாவு ஊசித் துளைக்குள் போனால் அதற்கு வைத்தியம் பார்ப்பது தனிக்கதை.

கணப்புப் பக்கத்தில் வைத்து உலர்த்துவதும் கூடாது. சூடு பேட்டரிக்கு ஆகாது, புகைக்கரி ஊசிக்கு ஆகாது.

பலருக்குப் பிடிபடாதது வியர்க்கும் விஷயம். குளிர்ந்த கருவி, சூடான ஈரக் காற்றைச் சந்தித்தால் அதன் மேலும் உள்ளேயும் நீர் பூக்கும். கீழேயிருந்து மலைக்கு வரும்போது இது பெரிய பிரச்சினையில்லை. மலையிலிருந்து இறங்கும்போதுதான் கவனம் வேண்டும். விடிகாலைக் குளிரில் கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி, வத்தலக்குண்டில் இறங்கி உடனே பையைத் திறந்து கருவியை எடுத்தால் ஈரம் படியும். பையை மூடியபடியே ஒரு மணி நேரம் விடுங்கள், கருவி ஊர்ச் சூட்டுக்கு வரட்டும். வீட்டிலும் அதேதான்: இரவெல்லாம் குளிர் அறையில் இருந்ததைக் காலையில் சோறு கொதிக்கும் அடுப்படிக்குக் கொண்டுபோய்த் திறக்காதீர்கள். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் மூடி மேல் சாமான் வைக்க டிரைவர் அண்ணன் பிரியமாக இடம் கொடுப்பார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்தது விரல். மார்கழி, தையில் காலை நேரம் விரல் மரத்துப்போய், நல்ல புள்ளியும் மழுங்கலாகத் தெரியும். கருவியைக் குறை சொல்லும் முன் கையைச் சூடாக்கிப் பாருங்கள். டீ டம்ளரைப் பிடிக்கலாம், ஆனால் கருவி இருக்கும் மேசையில் டம்ளர் வேண்டாம். நுனி இல்லாத கையுறை நல்லது. தோல் வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவினால் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்த பிறகே வரியைத் தொடுங்கள். யூகலிப்டஸ் தைலமும் அப்படித்தான். ஜலதோஷத்துக்கு நெற்றியில் தேய்த்த விரல் நேராகப் பிரெய்லுக்குப் போகக் கூடாது, அது சில பிளாஸ்டிக்கை இளக்கவும் செய்யும். வீட்டுச் சாக்லேட் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

கரண்ட்

மழைக் காற்றில் மரம் விழுந்தால் கரண்ட் போகும், எப்போது வரும் என்று மின்வாரியத்துக்கும் தெரியாது. 2018 நவம்பரில் கஜா புயல் இந்தப் பக்கம் கடந்தபோது மலைக்கு வரும் சாலைகளே அடைபட்டன. ஐப்பசி பிறந்ததும் பேட்டரியை எப்போதும் பாதிக்கு மேல் வைத்திருங்கள். இடி இடிக்கும்போதும், போன கரண்ட் திரும்பி வரும் நேரத்திலும் சார்ஜர் பிளக்கில் இருக்கக் கூடாது. இந்தக் கருவிகள் பெரும்பாலும் போனுக்கான பவர்பேங்கில் சார்ஜ் ஆகாது, வோல்ட் வேறு. ஒன்றிரண்டு மாதம் உபயோகிக்காமல் வைப்பதானால் பாதிச் சார்ஜில் அணைத்து வையுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்குவது இயல்பு. அதற்காகப் புதுப் பேட்டரி வாங்க ஓடாமல், அறைச் சூட்டில் ஒருநாள் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

தமிழில் எழுதலாமா?

தாராளமாக. "இதில் தமிழ் வராது" என்று சொல்லித்தான் பலர் இந்தக் கருவிகளை ஒதுக்குகிறார்கள். தமிழ் பேச வராது என்பது உண்மை. ஆனால் பிரெய்ல் கோப்பு வைத்துக்கொள்வது எந்தப் புள்ளிகளை அழுத்தினீர்கள் என்பதை மட்டுமே. அது எந்த மொழி என்று கருவிக்குத் தெரிய வேண்டியதில்லை. இந்திய மொழிகளுக்காக 1951ல் ஏற்கப்பட்ட பாரதி பிரெய்ல் முறையில் பள்ளியில் நீங்கள் படித்த அதே புள்ளிகளை அப்படியே அழுத்துங்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். புதுக் கோப்பு திறக்கும்போது டெக்ஸ்ட் கோப்பு வேண்டாம், பிரெய்ல் கோப்பைத் தேர்ந்தெடுங்கள். பேச்சை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் தமிழை ஆங்கிலமாக நினைத்து உளறும். எழுதி, பிரெய்லாகவே சேமியுங்கள். டெக்ஸ்டாகச் சேமித்தால் கருவி அதை ஆங்கிலச் சுருக்கெழுத்தாக எண்ணி விரித்துக் குழப்பிவிடும். பிஆர்எஃப் கோப்பைப் பார்வையுள்ளவர் கணினியில் திறந்தால் "மலை" என்று நீங்கள் எழுதியது எம், எல், ஒரு சாய்கோடு என்று தெரியும். அவர் பதறினால், கோப்பு கெடவில்லை என்று சொல்லுங்கள். ம, ல, ஐ மூன்றின் புள்ளிகளுக்கும் கணினி வைத்திருக்கும் அடையாளங்கள் அவை.

பஸ் நேரம், தொலைபேசி எண்கள், பஜனைப் பாட்டு வரிகள், வகுப்புக் குறிப்பு எல்லாம் இப்படி வைத்துக்கொள்ளலாம். மேடையில் பாடுபவர்களுக்கு இதைவிடச் சௌகரியம் வேறில்லை: காதில் இயர்போன் வேண்டாம், தாள் காற்றில் பறக்காது, வரி விரலுக்கடியில் இருக்கும். படிப்பதற்கு, 2016ல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா இணைய நூலகத்தில் உறுப்பினராகி, கணினியில் பிஆர்எஃப் கோப்பாக இறக்கிக் கார்டில் போட்டுக்கொள்ளுங்கள். கரண்ட் இல்லாத இரவில் வீட்டில் மற்றவர்கள் மெழுகுவர்த்தி தேடிக்கொண்டிருக்க, நீங்கள் பாட்டுக்குப் படித்துக்கொண்டிருக்கலாம்.

கணினியோடு இணைப்பது

பழைய கருவி புதுசாவது இங்கேதான். விண்டோஸ் கணினியில் இலவசமான என்விடிஏ திரைவாசிப்பானை (திரையில் இருப்பதைப் பேச்சாகவும் பிரெய்லாகவும் தரும் நிரல்) போடுங்கள். அது பிரெய்ல்நோட் கருவிகளை ஏற்கும்: ஏபெக்ஸ் யுஎஸ்பியிலும் ப்ளூடூத்திலும், எம்பவர் சீரியல் கேபிளிலும் ப்ளூடூத்திலும், முதல் பிரெய்ல்நோட் சீரியலில் மட்டும். இன்றைய மடிக்கணினியில் சீரியல் ஓட்டை இருக்காது, யுஎஸ்பியிலிருந்து சீரியலுக்கு மாற்றும் கேபிள் வாங்க வேண்டும்.

முதலில் கருவியின் முதன்மைப் பட்டியலில் திரைவாசிப்பானுக்கான டெர்மினல் என்ற இடத்துக்குப் போய் உள்ளே நுழையுங்கள். இதை மறந்துவிட்டுக் கேபிளைக் குறை சொல்பவர்கள் அதிகம். பிறகு கணினியில் என்விடிஏ விசையோடு கன்ட்ரோலும் ஏ எழுத்தும் அழுத்தினால் பிரெய்ல் கருவியைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி வரும். பட்டியலில் பிரெய்ல்நோட்டைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் பிரெய்ல் அமைப்புகளுக்குப் போய், வெளியீட்டு அட்டவணையிலும் உள்ளீட்டு அட்டவணையிலும் தமிழை வையுங்கள்.

இப்போது மொழிபெயர்ப்பு வேலை முழுக்கக் கணினியுடையது. கருவி புள்ளியைத் தூக்குவது மட்டும்தான். அதனால் தமிழே தெரியாமல் 2009ல் செய்யப்பட்ட ஏபெக்ஸில் இன்றைய தமிழ்ச் செய்தியைப் படிக்கலாம். கருவியின் விசைகளால் நோட்பேடில் தட்டினால் சாதாரணத் தமிழ் எழுத்தாகவே விழும், அதை யாருக்கும் அனுப்பலாம். க், ம் போன்ற மெய்யெழுத்துகளில் தடுமாறுகிறதா என்று மட்டும் முதலில் நாலு வரி அடித்து, படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கருவியிலேயே இருக்கும் உலாவியும் மின்னஞ்சலும் போகட்டும். இன்றைய தளங்கள் கேட்கும் பாதுகாப்பு முறை அதற்குத் தெரியாது. வெறும் கடவுச்சொல்லோடு நுழையும் பழைய மின்னஞ்சல் நிரல்களுக்குக் கூகுளும் 2022 மே மாதத்தோடு கதவைச் சாத்திவிட்டது.

கீழே கொண்டுபோக வேண்டி வந்தால்

பேட்டரி தேய்ந்தால் அசல் கிடைப்பது கஷ்டம். மதுரை, கோவை போன்ற ஊர்களில் மடிக்கணினி பேட்டரிக்குள் செல் மாற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். பழைய பேட்டரியைக் கையோடு கொண்டுபோங்கள், அதே வோல்ட், பாதுகாப்புச் சில்லு அப்படியே இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். இதே மாதிரிக் கருவி வைத்திருப்பவர்களைத் தேட மதுரை சுந்தரராஜன்பட்டியில் இருக்கும் இந்தியப் பார்வையற்றோர் சங்கம் போன்ற இடங்களில் விசாரிக்கலாம். செத்த கருவி ஒன்று யாரிடமாவது இருந்தால் விடாதீர்கள், அதன் செல்களும் விசைகளும் உங்களுக்கு உதிரி.

பழுது பார்ப்பவரிடம் கொடுக்கும்போது மெமரி கார்டை எடுத்துவிடுங்கள். எந்தச் செல்லில் எந்தப் புள்ளி எழவில்லை என்று பார்வையுள்ளவர் படிக்கும் எழுத்தில் எழுதிய தாளை உள்ளே வையுங்கள். பிரெய்ல் தெரியாத ஒருவருக்கு எது பழுது, எது சரியான எழுத்து என்று பார்த்து மட்டும் தெரியாது. கூரியரில் அனுப்புவதானால் பேட்டரியோடு ஏற்பார்களா என்று முதலில் கேளுங்கள். வரி மேல் எதுவும் அழுந்தாதபடி கெட்டி அட்டை வைத்து, மழை மாதமென்றால் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, அதன் பிறகு பெட்டியில் வையுங்கள்.